காது நீலமாகும் வரை

துனீசியக் கடற்கரையில் உள்ள எங்கள் ஸ்ஃபாக்ஸ் ஊர் மீன் சந்தையில் நஸீஹா கம்மூனின் விரல்களைத் தெரியாத வியாபாரி கிடையாது. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வருடம் முழுக்க நீலமாகவே இருக்கும். மீனைப் புரட்டிப் பார்க்க அவள் கையை நீட்டினால் போதும், கடைக்காரன் ஆரம்பித்துவிடுவான். இந்த வாரம் யார் வீட்டுக் கதவுக்கு வர்ணம் அடித்தாய் என்று கேட்பான். உன் வாய்க்கு அடிக்கத்தான் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன் என்பாள் அவள். பார்க்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். ஆனால் எடை போட்ட பிறகு ஒரு மீன் கூடுதலாகவே பையில் விழும்.

அது கதவுக்கு அடிக்கிற வர்ணம் இல்லை. எலியின் ரத்தத்தில் ஏற்றுகிற சாயம். ஊரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நஸீஹா இருபது வருடங்களுக்கு மேலாக எலிகளுக்கு ஊசி போடுகிறாள். கையுறை போட்டுக்கொண்டுதான் செய்கிறாள். ஆனாலும் அந்தச் சாயம் யார் சொல்லையும் கேட்காது, எப்படியாவது விரலுக்கு வந்துவிடும். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டியவர், இளம் வயதிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகள் இப்திஹால். இந்த வேலை மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் என்ன ஆகியிருப்போமோ என்று நஸீஹா அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு இறைவனுக்கு நன்றி சொல்வாள், கூடவே எலிகளுக்கும் சொல்வாள். மயக்க மருந்து கொடுத்த எலியின் வயிற்றில் ஒரு விரலை வைத்து, மன்னித்துக்கொள் என்று முணுமுணுக்காமல் அவள் கத்தரியை எடுத்ததே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு காட்சியை அவள் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. வளர்ந்த எலியின் வால் நரம்பில் நீலச் சாயத்தை ஏற்றினார்கள். சற்று நேரத்தில் எலியே நீலமாகிவிட்டது. காது, மூக்கு நுனி, பாதம் எல்லாம் நீலம். உள்ளே திறந்தால் ஈரல் நீலம், சிறுநீரகம் நீலம். கடைசியில் மண்டை ஓட்டை மெதுவாக நீக்கிக் காட்டினார்கள். மூளை மட்டும் தோல் உரித்த பாதாம் பருப்பாக வெள்ளை வெளேரென்று இருந்தது. உடம்பு முழுவதும் ஓடிய அதே ரத்தம்தான் மூளைக்குள்ளும் ஓடியிருக்கிறது. அப்படியும் ஒரு துளி நீலம் உள்ளே இறங்கவில்லை. நஸீஹாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. படைத்தவன் எதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறான் என்று அன்றைக்குச் சொன்னாள், இன்றைக்கும் சொல்கிறாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அதை மதில் என்றுதான் சொல்வார்கள். பழைய கோட்டை மதிலுக்குள் வாழ்கிற ஊர்க்காரர்கள் நாங்கள், வேறு என்ன பெயர் வைப்போம்? மூளைக்குள் போகிற மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரில் உள்ள உயிரணுக்கள், இடையில் சந்து விடாமல் ஒன்றோடொன்று நெருக்கித் தைத்துக்கொண்டிருக்கும். சர்க்கரைக்குத் தனி வாசல் உண்டு. சில சத்துகளுக்கும் உண்டு. வேண்டாதது எப்படியாவது நுழைந்துவிட்டால் பிடித்து வெளியே தள்ளுவதற்கும் ஆள் உண்டு. இரண்டு மூன்று சின்ன இடங்களில் மட்டும் மதில் இருக்காது. அந்த இடத்தில் மூளையே ரத்தத்தை ருசி பார்த்துக்கொள்ளும். இன்னொரு அதிசயமும் இருக்கிறது. கருவில் மூளைக்குள் புதிதாக நுழைகிற குழாய்க்கு இந்த வித்தை பிறவியிலேயே தெரியாது. மூளைதான் அதைப் பிடித்து, இப்படி இறுக்கமாக இரு என்று பழக்குகிறது. இதையெல்லாம் நஸீஹா கல்யாண வீட்டில் மீன் வைத்த கூஸ்கூஸ் தட்டுக்கு நடுவிலும் சொல்வாள். கேட்கிறவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

மூளையைப் பற்றி அவ்வளவு பேசுவதற்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. இப்திஹாலுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் விழுந்து நெற்றி கிழிந்து வந்தாள். அப்புறம் சரியான மாத்திரை கிடைத்தது, வலிப்பு நின்றது, மாத்திரை மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. பெண் படித்தாள், கல்யாணம் ஆனது. மருமகன் நிஸார் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான், பாதி வருடம் கடலில் இருப்பான். போன வசந்த காலத்தில் இப்திஹாலுக்கு யும்னா பிறந்தாள். முதல் நாற்பது நாளுக்குத் தாயும் பிள்ளையும் நஸீஹாவின் வீட்டுக்கு வந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் எள்ளும் தேனும் குழைத்த ஸ்ரீர் என்ற இனிப்பு கிண்ணம் கிண்ணமாகப் போனது. நஸீஹாவின் கை தாராளக் கை. சிக்கனத்துக்கு நாடு முழுக்கக் கேலி வாங்குகிற ஊரில் பிறந்துவிட்டு, கிண்ணம் வழிய வழிய ஊற்றுகிறவள் அவள்.

அந்தக் கைதான் ஆராய்ச்சிக்கூடத்திலும் வேலை செய்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த மாதம் அங்கே ஒரு புது வேலை தொடங்கியிருந்தது. மதில் எப்போது அடைபடுகிறது? பிறக்கும்போதே இறுக்கமாக இருக்கிறதா, அல்லது பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறதா? பிறந்த பிள்ளையின் மூளை திறந்துதான் கிடக்கும் என்றுதான் பழைய பாடப்புத்தகங்கள் சொல்லின. பார்த்துவிடலாம் என்றார் டாக்டர் ரவுதா. ஆராய்ச்சியை நடத்துகிறவர் அவர்தான். நஸீஹாவின் வயதுப் பெண்தான். நாலு பேர் முன்னால் நஸீஹா அவரை டாக்டர் என்று நீங்கள் போட்டுப் பேசுவாள். ஆள் இல்லாதபோது ரவுதா, நீ, வா, போ எல்லாம் உண்டு.

பிறந்து ஒரு நாள் ஆன எலிக்குட்டி ரோஜா நிறத்தில், முடி இல்லாமல், கண் திறக்காமல் இருக்கும். தோல் வழியாகவே குடித்த பால் வயிற்றில் வெள்ளையாகத் தெரியும். அதன் தலையின் ஓரத்தில் ஓடுகிற நூல் மாதிரியான நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் அதற்குக் கை ஆடாமல் நிற்கிறவள் நஸீஹா ஒருத்திதான். இருபது வருடமாக அவளுக்கு ஒரு விதி உண்டு. காது நீலமானால் ஊசி சரியாக ஏறிவிட்டது என்று அர்த்தம், அதுவரை மெதுவாக அழுத்திக்கொண்டே இரு. வளர்ந்த எலியில் அந்த விதி ஒரு நாளும் பொய்த்ததில்லை. குட்டிகளுக்கும் அதையே கடைப்பிடித்தாள். காதைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். காது நீலமாக நேரம் பிடித்தது. பரவாயில்லை என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

அப்புறம் மண்டையைத் திறந்தபோது உள்ளே நீலம் இருந்தது. ஒரு குட்டியில் இல்லை, அன்று ஊசி போட்ட எல்லாக் குட்டியிலும் இருந்தது. புத்தகம் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று ரவுதா சொல்லிவிட்டு, மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடியில் ஏற்ற அனுப்பினார். நஸீஹாவின் மனதில் ஓடியது எலி இல்லை, மகளின் மாத்திரை கலந்த பாலைக் குடிக்கிற யும்னா.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மகள் முன்னால் போய் நின்றாள். ஒன்று மாத்திரையை நிறுத்து, இல்லையென்றால் தாய்ப்பாலை நிறுத்து என்றாள். இப்திஹாலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிள்ளையை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, வலிப்பு டாக்டர் தெளிவா சொல்லிட்டாரு. மாத்திரையை நிறுத்தவே கூடாது, பாலும் குடுக்கலாம், பிள்ளை ரொம்பத் தூங்குதான்னு மட்டும் பாத்துக்கோன்னாரு."

"அந்த டாக்டர் பிறந்த பிள்ளையோட மூளையைத் திறந்து பாத்திருக்காரா? நான் பாத்துட்டு வந்திருக்கேன்டி. உள்ள நீலமா இருக்கு. ரத்தத்துல போறது எல்லாம் நேரா மூளைக்குள்ள போகுது."

"அது எலி, உம்மா."

"எலியோ பிள்ளையோ, பால் குடிக்கிறது எல்லாம் ஒண்ணுதான்."

வாக்குவாதம் நீண்டது. பாலை நிறுத்த மாட்டேன் என்றாள் மகள். அப்படியென்றால் மாத்திரையை நிறுத்து, கொஞ்ச காலம்தானே, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றாள் தாய். நஸீஹா ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கிரேன் வைத்து இழுத்தாலும் விட மாட்டாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கடைசியில் இப்திஹால் மேசை மேல் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். நஸீஹா அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பேத்தியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அப்போது அவள் உண்மையாகவே நம்பினாள்.

அன்று முதல் அவளுக்கு நிம்மதி போனது. பேத்தி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். இப்திஹால் அடுப்படியில் நின்றால் பின்னாலேயே போய் நின்றாள். கையில் இருந்து கரண்டி விழுந்தால் ஓடி வந்தாள். என்ன உம்மா, வயசான காலத்துல ஒளிஞ்சு விளையாடறியா என்று மகள் கேலி செய்வாள். நஸீஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வலிப்பு வந்தால் பிள்ளை கையில் இருக்குமே என்ற நினைப்பு விடவில்லை. ஆனாலும் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த நீலத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறாளே.

அந்த வாரக் கடைசியில் சீவல்கள் தயாராகி வந்தன. ரவுதா காலையிலேயே நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு நஸீஹாவைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு. நீலம் எப்படி இருக்கு?"

நஸீஹா பார்த்தாள். நீலம் எங்கும் பரவலாக இல்லை. அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேங்கிக் கிடந்தது.

"அந்தத் திட்டுக்குள்ள சிவப்பாத் தெரியுதே, அது என்ன?"

"ரத்த அணு."

"மதில் சரியா அடைபடாம இருந்தா சாயம் கசியலாம். ரத்த அணு எப்படி வெளிய வந்துச்சு? அது கசியற சாமான் இல்லை, நஸீஹா. குழாய் கிழிஞ்சாத்தான் வரும். உண்மையைச் சொல்லு, எவ்வளவு ஏத்தினே?"

"எப்பவும் போலத்தான். காது நீலமாகற வரைக்கும்."

ரவுதா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ஒரு நாள் குட்டிக்குக் காதே இன்னும் விரியலையே. மடிஞ்சு தலையோட ஒட்டிக் கிடக்கு. அது எப்ப நீலமாகும்? அதோட உடம்புல இருக்கிற ரத்தமே சில சொட்டுதான். அதுல பாதி அளவுக்குச் சாயத்தை அழுத்தியிருக்கே நீ. எந்தக் குழாய் தாங்கும்? நானும் பக்கத்துல உக்காந்து அளவைக் கேட்டிருக்கணும். உன் கையை நம்பி விட்டுட்டேன்."

நஸீஹாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்தில் அவள் கையைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. மதியம் எல்லோரோடும் உட்காராமல், சூரை மீனும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் வைத்த ரொட்டியை எலிக் கூடுகளுக்குப் பக்கத்தில் தனியாகத் தின்றாள். தின்று முடித்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வா, மறுபடியும் செய்யலாம் என்றாள். கோபம் வந்தால் வேலையில்தான் காட்டுவாள். அது அவளுடைய நல்ல குணம்.

இந்த முறை ரவுதா அளவைச் சொன்னார். ஊசி முனையில் தொங்குகிற சொட்டு அளவுதான். நஸீஹா காதைப் பார்க்கவே இல்லை. மெதுவாக ஏற்றினாள், எடுத்தாள், காத்திருந்தாள். குட்டியின் தோலில் லேசான நீலம் ஓடியது. பிறகு ரத்தத்தைக் கழுவி எடுக்கிற உப்புத் தண்ணீரையும் அழுத்தம் இல்லாமல் விட்டாள். திறந்தார்கள். ஈரல் நீலமாக இருந்தது, அதனால் சாயம் உடம்பெல்லாம் சுற்றியிருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. மூளை வெள்ளையாக இருந்தது. அடுத்த குட்டியைப் பார்த்தார்கள், அதுவும் வெள்ளை. பிறந்து ஒரு நாள் ஆன, கண் திறக்காத அந்தச் சின்ன உயிர்கள் மதிலை வயிற்றுக்குள் இருக்கும்போதே கட்டி முடித்துக்கொண்டு வந்திருந்தன.

ரவுதாவுக்கு ஒரே சந்தோஷம். நஸீஹாவோ முக்காலியில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை வெளியே எடுத்து வைத்தாள். வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அட பாவி," என்றார் ரவுதா. "தப்பு மேல தப்பு பண்ணியிருக்கியே. முதல்ல அந்த நீலமே பொய். அது போகட்டும், நிஜமாவே இருந்தாலும் அதுக்கும் இந்த மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? நம்ம சாயம் ரத்தத்துல இருக்கிற புரதத்தோட முதுகுல ஏறிக்கிட்டுப் போறது. அதைத்தான் மதில் நிறுத்தும். வலிப்பு மாத்திரை மதிலைத் தாண்டி மூளைக்குள்ள போனாத்தானே வேலையே செய்யும்? உன் மகளுக்கும் தாண்டும், பிள்ளைக்கும் தாண்டும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு, பால்ல எவ்வளவு வரும்னு யோசிச்சுத்தான் அந்த டாக்டர் குடுத்திருக்காரு. இதைத் திடீர்னு நிறுத்தினா முன்னைவிட மோசமா வலிப்பு வரும். இப்பவே கிளம்பு."

நஸீஹா மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். வெளியே ஓடி வந்து முதலில் கண்ணில் பட்ட மஞ்சள் டாக்ஸியில் ஏறினாள். டாக்ஸிக்காரன் வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டு வந்தான். எங்கள் ஊர் அணி தோற்றுக்கொண்டிருந்ததால் அவனுக்கும் முகம் சரியில்லை. வழியெல்லாம் நஸீஹா இறைவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். என் பிழைக்கு என்னைப் பிடி, அவர்களை விட்டுவிடு.

படியேறிக் கதவைத் திறந்தபோது குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே இப்திஹால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, தொட்டித் தண்ணீரில் யும்னாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கத்தினால் மகள் திடுக்கிட்டுவிடுவாள் என்று நஸீஹா கத்தவில்லை. மெதுவாகப் போய் உட்கார்ந்து, பிள்ளையின் முதுகுக்கு அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் பேச்சு வந்தது.

நான் செய்தது தப்பு என்றாள். நீலம் பொய், குழாயைக் கிழித்தது நான்தான், மாத்திரையை இப்பவே போடு, இல்லை, முதலில் டாக்டருக்குப் போன் போட்டு இத்தனை நாள் விட்டுப்போனதற்கு என்ன செய்வது என்று கேள் என்றாள். அட்டையை நீட்டினாள். இப்திஹால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எங்க உம்மா நிறுத்தினேன்?"

நஸீஹாவுக்கு விளங்கவில்லை.

"நீ பையில போட்டுக்கிட்ட அன்னிக்கே பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கடைக்கு அனுப்பி வேற அட்டை வாங்கிட்டேன். ஒரு வேளை கூட விட்டுப்போகலை."

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அதையும் எடுத்துப் பையில போட்டுக்குவே."

வேறு நாளாக இருந்தால் தாயை ஏமாற்றினாயா என்று நஸீஹா வீட்டை இரண்டாக்கியிருப்பாள். மகள் அவள் பக்கத்தில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பன்னெண்டு வயசுலேருந்து மாத்திரையைக் கையில வச்சிக்கிட்டு முன்னாடி வந்து நின்னவ நீ. காய்ச்சல்ல கிடந்தாலும் விட்டதில்லை. கல்யாணத்தன்னிக்கு அத்தனை பேர் பாக்க மேடையில ஏறி வந்து வாயில போட்டே. ஒரு வேளை தவறினா என்ன ஆகும்னு சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தே. இப்ப திடீர்னு வந்து நிறுத்துன்னா, நான் எந்த உம்மா பேச்சைக் கேக்கறது?"

நஸீஹா அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். நல்லவேளை நீ கேக்கலை, நல்லவேளை நீ கேக்கலை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எத்தனையோ காலமாக யார் யாருக்கோ நன்றி சொன்னவளுக்கு, அன்று நெஞ்சு நிறைந்து போய், யாருக்கு முதலில் சொல்வதென்றே தெரியவில்லை. சொல் பேச்சுக் கேளாத பெண்ணைக் கொடுத்ததற்காக இறைவனுக்குச் சொன்னாள். மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். என்ன உம்மா, துணியெல்லாம் நனையுது என்று இப்திஹால் சொன்னாள், ஆனால் தலையை எடுக்கவில்லை.

மாத்திரை நேரம் வந்தது. இப்திஹால் எழுந்து, தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்த புது அட்டையை எடுத்தாள். இரு என்றாள் நஸீஹா. பிள்ளையைப் படுக்கையில் கிடத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள். மாத்திரையைத் தன் கையாலேயே பிரித்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் விழுங்கி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கி, பசியாறட்டும் என்று மகளின் மடியில் வைத்தாள்.